மிஸ்டுகாலார் வெளிநாடு போனார்

எங்கள் அலுவலகத்தில் என் மேசையின் இரண்டாவது டிராயரில் எந்த நேரமும் யாருடைய ஃபோனாவது கிடக்கும். மணி அடித்தால் நான்தான் எடுப்பேன். "அவர் வெளிநாட்டுல இருக்கார். என்ன விஷயம்னு சொல்லுங்க, நான் சொல்லிடறேன்" என்பேன். இப்படியே பல குடும்பங்கள் எனக்குப் பழக்கமாகிவிட்டன. அவரவர் வீட்டுச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்றுகூட எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. யாரும் கேட்பதில்லை, அதனால் சொல்வதில்லை.

இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்த மகான் எங்கள் மேனேஜர். எங்களுடையது பம்பு செய்கிற கம்பெனி. பம்பு கடல் தாண்டிப் போனால் அதை மாட்டிக்கொடுக்க ஆளும் கூடவே போக வேண்டும். ஒரு தடவை ஒரு மெக்கானிக் கம்பெனி ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனான். அங்கே அதை அவன் தொடக்கூட இல்லை. அது பாட்டுக்கு உள்ளே உட்கார்ந்து எதையெதையோ இறக்கிக்கொண்டிருந்ததில், வந்த ரோமிங் பில் அவன் விமான டிக்கெட்டையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. மேனேஜர் அன்று முழுவதும் அந்தப் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் சட்டம் வந்தது.

வெளிநாடு போகிறவர் தன் கம்பெனி ஃபோனை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட வேண்டும். பதிலுக்கு ஒரு பட்டன் ஃபோன் கிடைக்கும். போய் இறங்கியதும் அந்த ஊர் சிம் ஒன்று வாங்கி அதில் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் புது நம்பர் அலுவலகத்துக்கு மட்டும்தான் தெரியலாம். வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் வேலை செய்ய விடமாட்டார்கள். வீட்டில் அவசரம் என்றால் பழைய நம்பருக்குக் கூப்பிடட்டும். அலுவலகம் எடுக்கும். தேவை என்றால் சொல்லும். தேவையா, தேவையில்லையா என்று முடிவு செய்கிறவர் மேனேஜர்.

அவருக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் மிஸ்டுகாலார். எங்களில் யாரையாவது கூப்பிட வேண்டுமானால் ஒரு மணி அடிக்கவிட்டு வைத்துவிடுவார். நாங்கள் திருப்பிக் கூப்பிட வேண்டும். இரண்டு பக்கமும் கட்டுகிறது ஒரே கம்பெனிதான் என்று யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்கமாட்டார். அது ஒரு வியாதி.

சிரித்துப் பேசுகிறேனே என்று யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மனுஷனை நான் அடிவயிற்றிலிருந்து வெறுத்தேன்.

எனக்கு இருந்தது ஓர் அக்காதான். அம்மா அப்பா போன பிறகு என்னைப் படிக்க வைத்தது, கட்டிக்கொடுத்தது, கட்டிக்கொடுத்தது சரிப்படாமல் பெட்டியோடு திரும்பி வந்தபோது ஒரு வார்த்தை கேட்காமல் கதவைத் திறந்தது, எல்லாம் அவள். இரண்டு வருடத்துக்கு முன்னால் கம்பெனி என்னை ஒரு கண்காட்சிக்கு வெளிநாடு அனுப்பியது. அக்கா அப்போது வயிற்றில் ஒரு சின்ன ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருந்தாள். "போயிட்டு வாடி. எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்றாள். நான் ஃபோனை மேனேஜரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். அப்போது அந்த டிராயர் அவர் மேசையில் இருந்தது.

கண்காட்சியில் காலை முதல் மாலை வரை நின்றுகொண்டே வேலை. சாயங்காலமானால் பட்டன் ஃபோனில் மேனேஜர் கூப்பிடுவார். எத்தனை பேர் வந்தார்கள், யார் விலை கேட்டார்கள், அவ்வளவுதான். ஒவ்வொரு தடவையும் நான் கேட்பேன், "வீட்டுலேருந்து ஏதாவது ஃபோன் வந்துச்சா சார்?" ஒவ்வொரு தடவையும் அவர் சொல்வார், "ஒண்ணும் இல்லம்மா. நீ நிம்மதியா வேலையைப் பாரு."

திரும்பி வந்த அன்று நேராக அலுவலகத்துக்கு வந்து ஃபோனை வாங்கினேன். அது அணைந்து கிடந்தது. உயிர் கொடுத்ததும் செய்திகள் வரிசையாக வந்து விழுந்தன. அக்காவின் தையல் பிரிந்து விஷம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரம்மா கூப்பிட்டிருக்கிறார். மேனேஜர் எடுத்து, "சொல்லிடறோம்மா, கவலைப்படாதீங்க" என்றிருக்கிறார். அவரே மறுநாளும் எடுத்திருக்கிறார். அதற்கப்புறம் ஃபோனை அணைத்துவிட்டார். அக்காவின் குரல் செய்தி ஒன்று கடைசியில் இருந்தது. "ஏண்டி எடுக்கமாட்டேங்கற? கோபமா?" என்று கேட்டிருந்தாள். என்ன கோபம் இருக்க முடியும் என்று அவள் கடைசி நேரத்தில் யோசித்திருப்பாள் பாருங்கள், அதுதான் என்னைக் கொன்றது. காரியமெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் செய்து முடித்திருந்தார்கள்.

மேனேஜர் அறையில் போய் நின்றேன். அவர் எழுந்துகூட நிற்கவில்லை.

"சொன்னா மட்டும் என்னம்மா ஆகியிருக்கும்? நீ பாதியில ஓடி வந்திருப்ப. ஸ்டால் காலி. நல்லா யோசிச்சுப் பாரு, உன் நல்லதுக்குத்தான் சொல்லலை."

வேலையை விட்டுவிடு என்று எல்லாரும் சொன்னார்கள். நான் விடவில்லை. ஒரு மாதம் கழித்து, அந்த டிராயர் வேலையை எனக்குக் கொடுங்கள் என்று நானே கேட்டு வாங்கினேன். மனசு ஆறிவிட்டது போலிருக்கிறது என்று மிஸ்டுகாலார் சந்தோஷப்பட்டார். சாவியைக் கையில் கொடுத்து, "நீ பெரிய மனசுக்காரிம்மா" என்றார்.

மற்ற யாருடைய வீட்டுச் செய்தியையும் நான் ஒரு நிமிஷம் தாமதித்ததில்லை. அவரைக் கேட்டதும் இல்லை. மெக்கானிக்கின் பெண் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அவன் எந்தக் குழிக்குள் இறங்கியிருந்தாலும் மேலே வரவழைத்துச் சொல்வேன். ஆனால் என் கண் ஒரே ஒரு ஃபோன் மேல்தான் இருந்தது. அது எப்போது இந்த டிராயருக்கு வரும் என்று காத்துக்கிடந்தேன். மேனேஜர் எங்கேயும் போகிற ஆள் இல்லை. நான் அவசரப்படவும் இல்லை.

போன மாதம் அந்த நாளும் வந்தது. பெரிய ஒப்பந்தம் ஒன்று. கையெழுத்துப் போட அவரே போக வேண்டும். முடித்துக்கொண்டு வந்தால் முதலாளி அவரைப் பங்குதாரர் ஆக்குகிறார் என்று பேச்சு. கிளம்புகிற அன்று எல்லாரையும் கூட்டிவைத்து, தன் ஃபோனை எடுத்து, கிரீடத்தைக் கழற்றிக் கொடுக்கிற மாதிரி என் கையில் வைத்தார்.

"ரூல்னா எல்லாருக்கும் ரூல்தான். எனக்கும் அதேதான்."

கை தட்டினார்கள். நானும் தட்டினேன். டிராயரைப் பூட்டிவிட்டுப் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். பயத்தால் அல்ல.

முதல் சில நாட்கள் அவர் வீட்டிலிருந்து உருப்படியாக ஒன்றும் வரவில்லை. அவர் மனைவி கூப்பிட்டு பீரோ சாவி எங்கே என்று கேட்டார். குழாய் ஒழுகுகிறது, யாரைக் கூப்பிடுவது என்றார். நான் இரண்டையும் கேட்டுச் சொன்னேன். நல்ல பெண்மணி. ஒவ்வொரு தடவையும் "உங்களுக்குத்தான் சிரமம்" என்பார். எனக்கு அவர்மேல் ஒரு வருத்தமும் கிடையாது. நான் காத்திருந்தது வேறு செய்திக்கு.

ஒரு நாள் மத்தியானம் வந்தது. எடுத்ததுமே குரலில் தெரிந்துவிட்டது.

"அம்மா, நான்தான் பேசறேன். எங்க அத்தையை ஆஸ்பத்திரில சேர்த்திருக்கோம். அவரோட அம்மா. இதயம் ரொம்ப பலவீனமாயிடுச்சாம். நினைவு தெளிவா இருக்கு, எல்லாரையும் கேக்கறாங்க. ஆனா பார்க்கணும்கறவங்க வந்து பார்த்துடட்டும்னு டாக்டர் சொல்லிட்டார். அவர் ஒரே பிள்ளை. கொஞ்சம் உடனே சொல்லிடுங்கம்மா."

"சொல்லிடறேன் மேடம். கவலைப்படாதீங்க" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். அன்று பக்கத்து வீட்டுக்காரம்மாவிடம் அவர் சொன்ன அதே வார்த்தைகள். எனக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது. ஃபோனை டிராயரில் வைத்து, பூட்டி, சாவியைப் புடவை முனையில் முடிந்துகொண்டு டீ குடிக்கப் போனேன்.

டீ இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றபடி எல்லாவற்றையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். சாயங்காலம் அவர் கூப்பிடுவார். வீட்டிலேருந்து ஏதாவது உண்டா என்று கேட்பார். ஒண்ணும் இல்ல சார், நீங்க நிம்மதியா வேலையைப் பாருங்க என்பேன். அவர் மாலை போட்டுக்கொண்டு வந்து இறங்குவார். இந்த மேசைக்கு வந்து ஃபோனை வாங்குவார். நான் எழுந்துகூட நிற்கமாட்டேன். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் போதும், அப்புறம் வேலை போனாலும் சரி, தலை போனாலும் சரி.

எவ்வளவு ருசித்தது தெரியுமா. டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

அப்போது சாப்பாட்டு அறையிலிருந்து இரண்டு பேர் பேசிக்கொண்டே போனார்கள், என்னவோ அவர்கள் வீட்டு விஷயம். ஒருத்தி, "பாவம், அவருக்குத் தெரியாதுல்ல" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இதே வார்த்தையைத்தான் அக்கா போனபோது ஊரெல்லாம் என்னைச் சொன்னது. பாவம், அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் பறந்து வந்திருப்பாள். எல்லாம் போன பிறகு எனக்கு மிஞ்சியது அந்த ஒரு சொல்தான். அதைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு வருடம் தூங்கி எழுந்திருக்கிறேன்.

இப்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அந்தச் சொல்லை அவருக்கு வாங்கிக் கொடுப்பது நானாகத்தான் இருப்பேன். அவர் வந்து அழுவார். பாவம், அவருக்குத் தெரியாது என்பார்கள். முதலாளி தோளில் தட்டிக் கொடுப்பார். நான் பட்ட இடத்தில் அவரும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார், சரிக்குச் சமமாக. தெரிந்திருந்தால் அந்த மனுஷன் பறந்து வந்திருப்பாரா என்று யாருக்கும் ஒருநாளும் தெரியாமலே போய்விடும்.

அது மட்டும் நடக்கக் கூடாது. டீயைக் கொட்டிவிட்டு ஓடி வந்து, விமானம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"என்ன இந்த நேரத்துல? சீக்கிரம் சொல்லு, பில் ஏறுது."

"உங்க அம்மா ஆஸ்பத்திரில இருக்காங்க சார்." மனைவி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல், கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். "அங்கேருந்து இன்னிக்குச் சாயங்காலம் ஒரு விமானம் இருக்கு சார். இடமும் இருக்கு. இப்பவே போடட்டுமா? விடிஞ்சா அம்மா பக்கத்துல இருக்கலாம்."

அந்தப் பக்கம் யாரோ பின்னால் சிரித்துப் பேசுவது மட்டும் கேட்டது.

"கையெழுத்து நாளை மறுநாள்" என்றார்.

"தெரியும் சார்."

"நான் இப்போ கிளம்பினா இவங்க அடுத்த கம்பெனியைக் கூப்பிட்டுடுவாங்க. உனக்குப் புரியுதா?"

"புரியுது சார். டிக்கெட் போடட்டுமா, வேண்டாமா?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "நீ என்கிட்ட சொன்னது வேற யாருக்காவது தெரியுமா?"

"இதுவரைக்கும் தெரியாது."

"அப்போ ஒண்ணு செய். எழுதி வச்ச சீட்டு டிராயர்லயே இருந்துச்சு, எனக்குச் சொல்ல மறந்துட்டேன்னு சொல்லிடு. வீட்டுக்காரி திரும்பக் கூப்பிட்டா எடுக்காத. நான் முடிச்சுட்டு வந்துடறேன். அம்மா ஸ்டிராங்கான உடம்பு, ரெண்டு நாள் தாங்கும்."

"மறந்துட்டேன்னா பழி என் தலையில விழுமே சார்."

"நான் பார்த்துக்கறேன். பங்குதாரர் ஆனதும் உன்னை மறந்துடுவேனா?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஆக, பரீட்சை முடிந்துவிட்டது. இரண்டு வருடமாக மனசில் ஒரு மூலையில் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது: ஒருவேளை அந்த ஆளுக்கு நிஜமாகவே புரியவில்லையோ, சாவு என்றால் என்னவென்று தெரியாமல்தான் அப்படிச் செய்துவிட்டாரோ என்று. இனி அந்தச் சந்தேகமும் இல்லை. தன்னைப் பெற்றவளையே மிஸ்டு கால் ஆக்கிவிட்டவர் என் அக்காவை எந்தக் கணக்கில் வைத்திருப்பார்.

இனி நான் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும்தான் பாக்கி. அவர் சொன்னபடி சொன்னால் என் வேலைக்கு ஆபத்தில்லை; மேலே தூக்கியும் விடுவார். உண்மையைச் சொன்னால் அவர் வந்து இறங்கிய அன்றே நான் வெளியே. வயது நாற்பதை எட்டப்போகிறது, வாடகை வீடு, கேட்க ஆள் இல்லை. உட்கார்ந்து யோசித்தேன் என்று சொன்னால் பொய். சாவியை முடிச்சிலிருந்து அவிழ்த்து, அவர் ஃபோனை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு, அது அடிப்பதற்காகக் காத்திருந்தேன்.

வெயில் இறங்கியபோது அடித்தது.

"அம்மா, சொன்னீங்களா அவர்கிட்ட? அத்தை கேட்டுட்டே இருக்காங்க."

இந்த நிமிஷத்துக்காக நான் வார்த்தைகளை அடுக்கி வைத்திருந்தேன். ஆத்திரத்தில் எல்லாம் முண்டியடித்துக்கொண்டு வந்துவிட்டன.

"அப்பவே சொன்னேன் மேடம். நீங்க வச்ச அடுத்த கொஞ்ச நேரத்துல சொல்லிட்டேன். விமானத்துல இடம் இருக்கு, போடட்டுமான்னும் கேட்டேன். கையெழுத்து இருக்கு, வரமுடியாதுன்னுட்டார். அதோட விடலை. எழுதி வச்ச சீட்டு டிராயர்லயே இருந்துச்சு, நான் சொல்ல மறந்துட்டேன்னு உங்ககிட்ட பொய் சொல்லச் சொன்னார். நீங்க கூப்பிட்டா எடுக்க வேண்டாம்னார். நான் எதுக்கு மேடம் பொய் சொல்லணும்? எங்க அக்கா சாகும்போதும் இதே மனுஷன்தான்..."

"ஐயோ" என்றார் அவர் மனைவி மெல்ல. "ஸ்பீக்கர்ல இருக்கும்மா."

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. பிள்ளையின் குரல் வரும் என்று, கட்டில் பக்கத்தில் ஃபோனைச் சத்தமாக வைத்துப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

மூச்சு இழுக்கிற சத்தம் கேட்டது. அப்புறம் வயதான குரல், நான் பயந்ததைவிடத் தெளிவாக.

"யாரு, ஆபீஸ் பொண்ணா?"

"ஆமாம்மா" என்றேன்.

"அவன் சொன்னபடியே சொல்லிடும்மா. சீட்டு டிராயர்லயே இருந்துச்சுன்னு." நிறுத்தி மூச்சு வாங்கினார். "சொந்தபந்தமெல்லாம் வரும். நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க. அவங்க முன்னாடி என் பிள்ளை தலை குனிஞ்சு நிக்கக் கூடாது." அப்புறம் மருமகளிடம், "நீயும் அதையே சொல்லு. கேட்டுச்சா?"

மருமகள் அழுகிறார் என்று தெரிந்தது.

"சரின்னு சொல்லும்மா" என்றார் அந்த வயதான அம்மா, என்னிடம்.

கட்டிலில் கிடந்த அந்த அம்மாவை நான் ஒரு நிமிஷம் அவர் பிள்ளையைவிட அதிகமாக வெறுத்தேன். இரண்டு வருடம் நான் காத்துக்கிடந்து கையில் எடுத்த கத்தியை ஒரு மூச்சில் பிடுங்கிக்கொண்டுவிட்டார். சண்டை போடலாம் என்றால் சண்டை போடுகிற நிலையிலா இருக்கிறார். "சரிம்மா" என்றேன்.

"நல்லா இரு" என்றார்.

ஃபோனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் மேசையில் தலை வைத்துக்கொண்டு அழுதேன். யாருக்காக என்று கேட்டால் எனக்கே தெரியாது. அந்த அம்மாவைப் போய்க் குத்திவிட்டோமே என்றும் இருந்தது. பிள்ளை இப்படியும் தப்பித்துவிட்டானே என்று வயிறும் எரிந்தது. இரண்டும் ஒரே அழுகையாக வந்தது.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். சொந்தபந்தத்துக்குச் சொல்லமாட்டேன் என்றுதான் அந்த அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். பிள்ளையிடம் சொல்லமாட்டேன் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை.

பட்டன் ஃபோன் நம்பரைப் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"என்ன, அவ கூப்பிட்டாளா? எடுக்காதேன்னேனே."

"எடுத்துட்டேன் சார். நடந்ததைச் சொல்லிட்டேன்."

"உனக்கென்ன பைத்தியமா? நான் வந்து உன்னை..."

"வந்து வெளியே அனுப்புங்க சார், போறேன். அதுக்கு முன்னாடி உங்க அம்மா சொன்னதைக் கேட்டுக்கங்க. ஸ்பீக்கர் போட்டிருந்தாங்க, எனக்குத் தெரியாது. நான் சொன்னது முழுக்க அம்மா காதுல விழுந்துடுச்சு. நீங்க வரமாட்டேன்னது, பொய் சொல்லச் சொன்னது, எல்லாமே."

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"உங்களைத் திட்டலை சார். அவன் சொன்னபடியே சொல்லிடும்மான்னாங்க. சீட்டு டிராயர்லயே இருந்துச்சுன்னு. சொந்தபந்தத்துக்கு முன்னாடி உங்க தலை குனியக் கூடாதாம். நானும் சரின்னுட்டேன். அதனால யாருக்கும் தெரியாது, நீங்க பயப்பட வேண்டாம். உங்களுக்குத் தெரியும், உங்க வீட்டம்மாவுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உங்க அம்மாவுக்குத் தெரியும். அவ்வளவு பேர்தான்."

"அம்மா..." என்றார். வேறு ஏதோ சொல்ல வந்து அது வரவில்லை. கனைத்துக்கொண்டார். "அம்மாவேவா அப்படிச் சொன்னாங்க?"

"மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாங்க சார்."

அவர் மூச்சு மட்டும் கேட்டது. நானும் விட்டுக்கொடுக்கவில்லை, பேசாமல் காதில் வைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒரு சின்னப் பையனின் குரல் மாதிரி ஒரு குரல் கேட்டது.

"அந்தச் சாயங்கால விமானம்... இடம் இருக்கான்னு பாரேன்."

சுவரில் இருந்த கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தேன். பார்க்காமலே எனக்குத் தெரியும்.

"போயிடுச்சு சார்" என்றேன்.

அந்த வார்த்தையைச் சொல்லும்போது என் நாக்கு இனித்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை. அந்தப் பக்கத்தில் ஒருவர் அழ ஆரம்பித்ததைக் கடைசிவரை கேட்டேன். பிறகு மறுநாள் விமானத்தில் அவருக்கு ஓர் இடம் போட்டேன்.